லியாவுக்கு மட்டுமே என் ஆதரவு

மக்கள் குரலே மகேசன் குரல் என்று சொல்லிவிடலாம், சொல்வதற்கென்ன. அந்தக் குரல் எந்த நம்பரில் கிடைக்கும் என்பதுதான் சின்கெங் நகரில் கட்சிக்கு வந்த தலைவலி.

முன்பெல்லாம் மேயர் தேர்தலில் கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதைக் கட்சி உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். ஒரு வேட்பாளர் விருந்து வைத்தால் உறுப்பினர்கள் அந்தப் பக்கம் சாய்வார்கள். அடுத்த வாரம் எதிராளி விருந்தில் இறால் போட்டால் இந்தப் பக்கம் திரும்புவார்கள். சின்கெங்கின் தலைவர்களைச் சமையல்காரர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. மேலிடத்துக்கு வெட்கம் வந்துவிட்டது. தேர்தல் வருஷத்தில் மட்டும் அதற்கு வெட்கம் வரும். உடனே விதியை மாற்றினார்கள். இனி வேட்பாளரைப் பொதுமக்கள் தேர்ந்தெடுப்பார்கள். கணிப்பு நிறுவனம் ஒரு வாரம், சாயங்கால வேளைகளில், கண்ணை மூடிக்கொண்டு வீட்டுத் தொலைபேசிகளை அழைக்கும். எடுப்பவர் சொல்வதே தீர்ப்பு. செல்போன் சேராது. செல்போன்காரன் எந்த ஊரில் நின்று பேசுகிறான் என்று யார் கண்டார்கள்?

"உறுப்பினரை வெலைக்கு வாங்கலாம், மக்களை வாங்க முடியாது!" என்று தலைநகர் தைபேயிலிருந்து வந்த கட்சித் துணைத்தலைவர் மேடையில் முழங்கினார். "ஏன்னா, எந்த வீட்டு மணி அடிக்கும்னு எவனுக்கும் தெரியாது!"

அதனால் எல்லா வீடுகளையும் வாங்க வேண்டியதாயிற்று.

அதிலும் ஒரு சங்கடம். சின்கெங்கில் பாதிப் பேர் வீட்டு போனை எப்போதோ துண்டித்துவிட்டார்கள். வயதானவர்கள் வீட்டில் அது மீன்தொட்டிக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடந்தது. தினம் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தவர் ஆற்றோர வட்டத்தில் ஸ்கூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த செங் வென்-ஷுன் ஒருவர்தான். ஊருக்கு அவர் ஆ-ஷுன். கடையின் பின்சுவரில், காலமான மனைவியின் படத்துக்குக் கீழே, ஒரு சிவப்பு போன். ராத்திரி ஷட்டரை இறக்குமுன் ரிசீவர் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கூப்பிடுகிறவருக்கு லைன் கிடைக்காது.

கூப்பிடுகிறவர் என்றால் அவர் மகள் யா-லிங். ஆறு வருஷமாகக் கூப்பிடவில்லை.

அந்தக் கதைக்குப் போகுமுன் கவுன்சிலர் லியாவ் சின்-ஃபாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேயராக ஆசைப்பட்டவர் அவர்தான். அடித்தட்டு ஆதரவு என்றால் சின்கெங்கில் லியாவ் என்று அர்த்தம். அந்த ஆதரவை அவர் பிணங்களின் பக்கத்தில் நின்று வளர்த்தார். ஊரில் எந்தச் சாவுக்கும் சவப்பெட்டி வருமுன் அவர் பெயர் போட்ட இரங்கல் பட்டுத்துணி வந்துவிடும். பிறகு அவரே வருவார், மூன்று முறை குனிந்து வணங்குவார், மைக்கை வாங்குவார். ஆ-ஷுனின் மனைவி சியு-லான் செத்தபோதும் வந்தார். அன்றைக்கு ஏழாவதோ எட்டாவதோ பந்தல். சியு-லானை இரண்டு தெரு தள்ளிச் செத்துப்போன இன்னொருத்தியின் பெயரால் அழைத்து, அவள் பெற்ற மூன்று சிங்கக்குட்டி மகன்களைப் புகழ்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சியு-லானுக்கு இருந்தது ஒரே ஒரு மகள். அந்த மகள் எழுந்து போய் அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"எங்கம்மா பேரு சியு-லான். உங்களுக்கு ஓட்டு வேணும்னா உசுரோட இருக்கறவங்ககிட்டப் போய்க் கேளுங்க."

ஆ-ஷுன் பயந்த சுபாவம். ஊரோடு ஒத்து வாழ வேண்டும் என்பதைத் தவிர வேறு கொள்கை இல்லாதவர். மகளின் பிடரியில் கை வைத்து, எல்லார் முன்னாலும், லியாவ் முன்னே குனிய வைத்தார். அவள் குனிந்தாள். ஏழாம் நாள் சடங்கு முடிந்ததும் பெட்டியைக் கட்டினாள்.

"அம்மாவைவிட அந்த ஆளு உங்களுக்குப் பெரிசாப் போயிட்டாரு இல்லப்பா? சரி. உங்களுக்கு நான் வேணுமா அவரு வேணுமான்னு என்னிக்காவது கேக்கணும்னு தோணினா, நானே போன் பண்றேன்."

தைபேக்குப் போனாள்; அங்கிருந்து கடல் தாண்டிப் போனாள்; நம்பரையும் மாற்றிக்கொண்டாள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் சிவப்பு போனின் நம்பர் ஒன்றுதான். ஆ-ஷுன் வைத்திருந்த செல்போன் அவள் போனபிறகு வாங்கியது.

கணிப்புக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது வட்டத் தலைவி பாய் மெய்-யுன் கடைக்கு வந்தாள். வட்டத்தில் எந்தச் சாக்கடை எப்போது அடைக்கும் என்பது வரை அறிந்தவள். கூடவே தைபே ஆலோசகன் ஒருவன், பெயர் கோ. சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

"ஷுன் அண்ணே, டீ இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே பாய் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "இந்தத் தம்பி நம்ம கவுன்சிலருக்காக அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கு."

கோ சிவப்பு போனைப் பார்த்தான். கோயிலில் சாமியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"பெரியப்பா, நம்மகிட்ட அடித்தட்டு ஆதரவு எக்கச்சக்கமா இருக்கு. ஆனா மேலிடம் கேக்கறது அது இல்லை. பரந்த ஈர்ப்பு. அதாவது, கவுன்சிலரைத் தெரியாதவங்களுக்கும் அவரைப் பிடிக்கணும். எதிர்ல நிக்கற டாக்டர் ஷென் அம்மாவுக்கு இளவட்டம் மொத்தமும் கைதட்டுது. நம்ம ஆளைப் பிடிச்சவங்களோ, ஒண்ணு அறுபதைத் தாண்டினவங்க, இல்ல, அஸ்தி மண்டபத்துல இருக்காங்க."

"தெரிஞ்சவங்களுக்குப் பிடிச்சாப் போதாதாப்பா?" என்று ஆ-ஷுன் கேட்டார்.

"தெரிஞ்சவங்க ஒரு காரணத்துக்காக ஓட்டுப் போடறாங்க பெரியப்பா. காரணமே இல்லாம வர்ற ஓட்டுதான் பரந்த ஈர்ப்பு." கோ இதைக் கேலியாகச் சொல்லவில்லை. "உங்க லைனை எங்க ஆபீசுக்குத் திருப்பி விட்டுடறோம். அங்க இளசுங்க உக்காந்திருக்காங்க, அவங்க பேசிக்குவாங்க. நீங்க நிம்மதியா டிவி பாருங்க."

"அது முடியாது," என்றார் ஆ-ஷுன். வாழ்க்கையில் அவர் அப்படிச் சட்டென்று மறுத்துப் பேசியது குறைவு. "எம் பொண்ணு கூப்பிடுவா."

"ஆறு வருஷமா கூப்பிடாதவ இந்த ஒரு வாரத்துலதான் கூப்பிடப் போறாளாக்கும்!" என்றாள் பாய்.

"கூப்பிட்டுட்டா?"

பாய் டீயை ஊதினாள். பிறகு கடை வாசலைப் பார்த்தாள். "உங்க வண்டி தூக்கற மேடை நடைபாதை மேலதான் நிக்குது. யாராவது இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்களா? கவுன்சிலர் கேக்க விடலை. நான் சும்மா சொன்னேன் அண்ணே."

கடைசியில் ஒரு சமரசம். லைனைத் திருப்ப மாட்டார்கள், ஆ-ஷுனே எடுப்பார், ஆனால் அவர்கள் சொல்லிக்கொடுத்தபடி பேசுவார். மகளுக்காக லைனைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவருக்கு அன்றைக்கு மனசு குளிர்ந்தது. எனக்கு அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பயிற்சி வட்டத்தின் சமுதாயக் கூடத்தில் நடந்தது. லேண்ட்லைன் வைத்திருந்த கிழடுகட்டைகள் எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு சாப்பாட்டுப் பெட்டி, ஒரு விசிறி, இரண்டிலும் லியாவின் சிரித்த முகம். கோ விளக்கினான். கணிப்புக்காரர்கள் வயதுவாரியாக ஆள் பிடிப்பார்கள். கிழவர்களுக்கான இடம் முதல் நாளே நிரம்பிவிடும். கிழவர் எடுத்தால் நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள். இளைஞர் இடமோ கடைசிவரை காலியாகக் கிடக்கும், ஏனென்றால் சின்கெங்கில் இளைஞர்களே இல்லை. ஆகவே இல்லாதவர்களை உண்டாக்க வேண்டும்.

"வீட்டுல பெரியவர் இருக்காரான்னு கேட்டா என்ன சொல்லணும்?"

"இல்லை!" என்றது கூடம்.

"ஹலோ சொல்றாப்பல வெய்னு இழுக்கக் கூடாது. யாருன்னு கேக்கக் கூடாது. மூச்சு விடறதுக்குள்ள வயசு, அடுத்து ஆதரவு. குரலைத் தூக்கிப் பேசணும், இளசு மாதிரி."

பிறகு வயது வழங்கும் படலம். கல்யாண வீட்டில் சீர் வாங்குவதுபோல ஒவ்வொருவராக எழுந்து போய் வாங்கிக்கொண்டார்கள். கசாப்புக்கடை ஹுங், பாக்கு மென்று சிவந்த வாயும் பல்செட்டுமாக, முப்பத்தொன்று ஆனார். "இன்னும் கொஞ்சம் கொறைக்கக் கூடாதா தம்பி, எம் பொண்டாட்டி சந்தோசப்படுவா," என்றதும் கூடம் சிரித்தது. ஆ-ஷுனின் முறை வந்தபோது அவராகவே இருபத்தொன்பது கேட்டார்.

"எதுக்கு இருபத்தொன்பது?"

"எம் பொண்ணோட வயசு. மறந்து போகாது."

கோவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அன்று முதல் ஆ-ஷுன் சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டும்போதும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்: பெரியவங்க யாரும் இங்க இல்லை, எனக்கு இருபத்தொன்பது வயசு, லியாவ் சின்-ஃபாவுக்கு மட்டுமே என் ஆதரவு. பாய் போகிற வருகிற நேரமெல்லாம் வாசலில் நின்று "ட்ரிங்!" என்பாள், அவர் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுச் சொல்லியாக வேண்டும். தூக்கத்திலும் சொன்னார்.

கணிப்பு வாரம் வந்தது. வட்டத்து ஒலிபெருக்கி காலையில் இசையும் மாலையில் கட்டளையும் தந்தது. "அன்பான வட்டத்து மக்களே, ஆறு மணிக்கு மேல யாரும் குளிக்கப் போக வேண்டாம். குப்பையை வண்டிக்குக் கொண்டுபோய்ப் போட நாங்களே ஆள் அனுப்பறோம். கழிப்பறை போறவங்க மாத்தி மாத்திப் போங்க." ஊர்க்கோயிலில் கடல் தெய்வம் மாட்சு அம்மனுக்குச் சாயரட்சைப் பூஜை நிறுத்தப்பட்டது, அம்மன் சம்மதித்ததாகக் குறிக்கட்டை போட்டுப் பார்த்துச் சொன்னார்கள். சம்மதம் வரும்வரை திரும்பத் திரும்பப் போட்டார்கள் என்பது வேறு விஷயம். ஒரு சாவுப் பந்தலில் லியாவ் மைக்கைப் பிடித்துத் துக்கம் கேட்க வந்தவர்களை ஆறு மணிக்குள் வீட்டுக்கு விரட்டினார்.

"செத்தவரு காத்திருப்பாரு," என்றார் தழுதழுத்த குரலில். "கணிப்பு காத்திருக்காது."

மூன்றாம் நாள் மாலை கசாப்புக்கடை ஹுங்குக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. அந்த வீட்டில் செல்போன் கிடையாது. பக்கத்திலேயே லேண்ட்லைன் இருந்தது. ஆனால் லைன் பிஸியாக இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே. அவர் பெண்டாட்டி மழையில் பாய் வீடு வரை ஓடி, அங்கிருந்து ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். அது வருமுன் ஹுங் போய்விட்டார். பட்டுத்துணி மறுநாள் விடியுமுன் வந்தது.

"தோழர் ஹுங்," என்றார் லியாவ் பந்தலில், இந்த முறை பெயரைத் துண்டுச்சீட்டில் பார்த்து. "உயிர் போற வேளையிலயும் லைனை காலியா வெச்சிருந்தாரு. இதுக்குப் பேர்தான் அடித்தட்டு ஆதரவு. இதை எந்த டாக்டர் பட்டத்தாலயும் வாங்க முடியாது!"

ஹுங்கின் பெண்டாட்டி குனிந்து நன்றி சொன்னாள். அவள் பிடரியில் யாரும் கை வைக்கவில்லை. தானாகவே குனிந்தாள். ஆ-ஷுனுக்கு ஏனோ அதைப் பார்க்க முடியவில்லை. ஊதுபத்தியைச் செருகிவிட்டு வெளியே வந்துவிட்டார். வெளியே கோ நின்றுகொண்டிருந்தான். முப்பத்தொரு வயது ஓட்டு ஒன்று குறைந்துவிட்டது என்று அவனுக்குக் கவலை.

கடைசி நாள் மாலை. தகரக்கூரையில் மழை. வாரம் முழுக்கச் சிவப்பு போன் ஒரு முறைகூட அடிக்கவில்லை. இரண்டு பக்கமும் இழுபறி என்று செய்தி வந்திருந்தது. பாயும் கோவும் ஆ-ஷுனின் கடையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பன்றிக்கறிச் சோறு ஆறிக் கிடந்தது.

"ஒண்ணே ஒண்ணு வந்தாப் போதும்," என்று கோ முணுமுணுத்தான். "ஒரே ஒரு இளைஞர்."

மணி அடித்தது.

பாய் எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது. "எடுங்க அண்ணே, எடுங்க, எடுங்க!" கோ அவர் தோளைப் பிடித்து போன்வரை தள்ளிக்கொண்டு போனான். ஆ-ஷுன் ரிசீவரைத் தூக்கினார்.

ஒரு பெண் குரல். எங்கோ தூரத்திலிருந்து, மழை இரைச்சலுக்குள் மெலிந்து, தயங்கித் தயங்கி வந்தது. "செங் வீடுங்களா? ...பெரியவர் இருக்காருங்களா?"

"பெரியவங்க யாரும் இங்க இல்லை!" என்றார் ஆ-ஷுன். குரலை நன்றாகவே தூக்கினார். "எனக்கு இருபத்தொன்பது வயசு. லியாவ் சின்-ஃபாவுக்கு மட்டுமே என் ஆதரவு!"

பிசிறே இல்லை. பயிற்சியில்கூட அவ்வளவு நன்றாக வந்ததில்லை. கோ கட்டைவிரலை உயர்த்தினான்.

எதிர்முனையில் சத்தமில்லை. கணிப்புக்காரர்கள் அப்படிச் சும்மா இருக்க மாட்டார்கள், அடுத்த கேள்விக்குத் தாவுவார்கள் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிறகு மூக்கு வழியாக ஒரு மூச்சு வெளியேறியது. சின்ன வயதில், அடி வாங்கியும் அழமாட்டேன் என்று நிற்கும்போது யா-லிங் விடுகிற மூச்சு.

"இன்னும் அந்த ஆளுதானாப்பா?"

லைன் துண்டித்துக்கொண்டது.

ஆ-ஷுன் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"ரெண்டாவது கேள்வி கேட்டாங்களா பெரியப்பா?" கோ பரபரத்தான். "கேட்டாங்களா?"

"கேட்டா."

"என்ன கேட்டாங்க?"

"இன்னும் அவருதானான்னு."

"அது சரிபாக்கற கேள்வி!" கோ கைதட்டினான். "ஆதரவு உறுதியான்னு சோதிக்கறாங்க. நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

கோ முகம் விழுந்தது. "அடடா. ஊசலாட்டம்னு போட்டிருப்பாங்களே."

ஆ-ஷுனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. போனின் பொத்தான்களைத் தடதடவென்று அழுத்தினார். எந்த நம்பர் என்று தெரியாமலே அழுத்தினார். கூப்பிட்டவர் நம்பரைக் காட்டும் போன் இல்லை அது. தொலைபேசி நிலையத்தைக் கேட்கலாம், யாரையாவது கேட்கலாம். பாய் ஓடி வந்து கொக்கியை விரலால் அழுத்திப் பிடித்தாள்.

"என்ன அண்ணே பண்றீங்க! லைனை பிஸி பண்ணாதீங்க! இன்னும் நேரம் இருக்கு!"

"அது எம் பொண்ணு."

"யாரு?"

"எம் பொண்ணு, மெய்-யுன். கூப்பிட்டது யா-லிங்."

பாய் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். கெட்டவள் இல்லை அவள். கண்கூட லேசாகக் கலங்கியது. ஆனால் விரலை எடுக்கவில்லை. "பத்து மணிக்கு கணிப்பு முடிஞ்சிடும் அண்ணே. அதுக்கப்புறம் விடிய விடிய உங்களுதுதான் லைனு."

பத்து மணிக்கு அவர்கள் ஆறிய சோற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஆ-ஷுன் தொலைபேசி நிலையத்தைக் கேட்டார். வெளிநாட்டு அழைப்பு, நம்பர் சொல்ல முடியாது, புகார் கொடுப்பதென்றால் போலீசில் கொடுங்கள் என்றார்கள். எதைச் சொல்லிப் புகார் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

கணிப்பில் லியாவ் மயிரிழையில் ஜெயித்துக் கட்சியின் வேட்பாளர் ஆனார். வெற்றிக் கூட்டத்தில் பட்டாசுப் புகை அடங்கியதும் மைக்கைப் பிடித்தார்.

"என்னைக் கெழவங்களோட தலைவன்னு சொன்னாங்க! இப்ப கணிப்பைப் பாருங்க! இருபதுகள்ல இருக்கற பிள்ளைங்க அலை அலையா என் பின்னாடி நிக்கறாங்க! ஊரை விட்டுப் போன நம்ம பிள்ளைங்களோட மனசு எங்கேன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு!"

முன்வரிசையில் இருந்த கிழவர்கள், அந்த அலை முழுக்க அவர்களேதான், விசிறியை ஆட்டி ஆர்ப்பரித்தார்கள். துணைத்தலைவர் இதைப் பரந்த ஈர்ப்பின் வெற்றி என்றார். டாக்டர் ஷென் அம்மா தரப்பு, அவர்கள் ஆட்களும் வயதைக் குறைத்துச் சொன்னவர்கள்தான் என்பதால், முடிவைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டது.

ஆ-ஷுன் கூட்டத்துக்குப் போகவில்லை. கடையை விட்டு நகருவதையே நிறுத்தியிருந்தார். காய்கறிக்குக்கூடப் பக்கத்து வீட்டில் சொல்லி அனுப்பினார். நாள் முழுக்க ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய வாக்கியம் வாயில் முந்திக்கொண்டு வந்தது, அதை விழுங்கிவிட்டுப் புதியதைச் சொன்னார்.

ஒரு சாயங்காலம் மணி அடித்தது. எண்ணெய்க் கையோடு ஓடினார்.

"அப்பாதாம்மா பேசறேன்," என்றார் மூச்சு விடுமுன்னே. "பெரியவன் இங்கதான் இருக்கேன். அறுபத்துநாலு வயசு எனக்கு. நீதாம்மா வேணும், வேற எவனும் வேண்டாம்."

"என் குடும்பத்துச் சொந்தமே," என்றது ரிசீவர், கொஞ்சம் தழுதழுத்து. "நான் லியாவ் சின்-ஃபா பேசறேன். உங்க வீட்டு நல்லது கெட்டதுல எப்பவும் நின்னவன். அந்தப் பந்தத்தை நான் மறக்கலை..."

பதிவு செய்த குரல். ஊரில் உள்ள எல்லா வீட்டு போன்களுக்கும் அன்று ஒரே நேரத்தில் அது போய்க்கொண்டிருந்தது. ஹுங் வீட்டுக்கும் போயிருக்கும். இடையில் வைத்துவிட்டால், ஒருவேளை அதற்குப் பின்னால் அவள் காத்திருந்தால், என்று ஏதோ நினைத்துக்கொண்டு ஆ-ஷுன் கடைசிவரை கேட்டார். வரப்போகிற மேயர் தேர்தலிலும் வீட்டு போனைத் துண்டிக்காமல் வைத்திருக்கும்படி அந்தக் குரல் கேட்டுக்கொண்டது.

முடிந்ததும் ரிசீவரை வைத்தார். நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.